மெருகும் மெழுகும்

மோட்டார் வண்டி வாங்குவது ஒரு நாள் காரியம்; அதைப் பளபளப்பாக வைத்திருப்பது பல வருஷக் காரியம். முதற் காரியத்துக்குக் கடன் கொடுக்கப் பாங்கிகள் போட்டி போடுகின்றன. இரண்டாவதற்கு நம் கையும் தோளுமே துணை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு டப்பாவும் ஒரு பழந்துணியுமாக வண்டியைத் தேய்க்கத் தொடங்கும் குடும்பத் தலைவர்களை எந்த வீதியிலும் காணலாம். தம் வேலையைத் தாமே செய்ய முன்வரும் அவர்களுடைய ஊக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் அழுக்கோடு சேர்த்து வண்டியின் ஆயுளையும் அவர்களிற் பலர் தேய்த்து விடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

கடைக்காரர் 'பாலிஷ்' என்று ஒரு டப்பாவையும் 'வாக்ஸ்' என்று மற்றொரு டப்பாவையும் நீட்டும்போது, இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர் அநேகர். மெருகு வேறு, மெழுகு வேறு. மெருகு என்பது வர்ணத்தின் மேல்தோலை மிக நுண்ணிய பொடியினால் சுரண்டிச் சமப்படுத்துவது. மெழுகு என்பது சமப்பட்ட தோலின்மேல் மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்துவது. முன்னது எடுக்கிறது, பின்னது கொடுக்கிறது. இந்த பேதத்தை அறிந்துகொண்டால் பாதி வேலை தீர்ந்தது.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது புதிய விஷயமன்று. வெள்ளி முலாம் பூசிய தட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் தினந்தோறும் தேய்த்தால், விரைவிலேயே அடியிலுள்ள பித்தளை பல்லிளிக்கும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். இன்றைய மோட்டார் வண்டியும் முலாம் பூசிய பாத்திரத்தைப் போன்றதே.

முற்காலத்தில் இப்படியில்லை. 1923-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஓக்லாந்து என்னும் வண்டிக்கு 'ட்யூக்கோ' என்ற, சீக்கிரம் உலரும் லாக்கர் வர்ணத்தைப் பூசினார்கள். அதற்குப் பின் வெகுகாலம் வரை வண்டியின் மேல்தோலாக இருந்தது வர்ணமேதான். வெயிலில் அது வெளிறிச் சுண்ணாம்பு போல் ஆகும். அந்த வெளிறலைத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம் தோன்றும். துணியிலும் வண்டியின் நிறம் ஒட்டும். அடிக்கடி மெருகிடும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. 1980-க்குப் பிறகோ, வர்ணத்தின்மேல் நிறமற்ற ஒரு கண்ணாடிப் பூச்சைக் கொடுக்கும் முறை எங்கும் பரவிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் இப்பூச்சின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான்; அதாவது தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. சூரியனின் கடுங்கதிர்களிலிருந்து வர்ணத்தைக் காப்பது இதுவே. மெருகிடும் ஒவ்வொரு தடவையும் இதில் கொஞ்சம் குறைகிறது; குறைந்தது திரும்பாது. முற்றும் மெலிந்தால் மேற்பூச்சு வெளுத்து, செதில் செதிலாக உரியும். பிறகு மறுவர்ணம் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, சிக்கனமான முறை எது? மெருகு அபூர்வமாக, மெழுகு அடிக்கடி, இரண்டுக்கும் முன்னால் ஒழுங்கான கழுவல்.

வெயிலில் தெரியும் சிலந்திவலை போன்ற கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமே உண்டாக்கியவை. புழுதி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது, மணலைத் தொட்டுத் தேய்ப்பதற்குச் சமானம். முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒன்றில் வண்டிக்கென விற்கும் ஷாம்பு நீர், மற்றொன்றில் துணியை அலசச் சுத்த நீர். மேலிருந்து கீழாகக் கழுவிச் சக்கரங்களைக் கடைசியில் வேறு துணியால் கழுவுக. பாத்திரம் விளக்கும் சோப்பு, முன்னர் இட்ட மெழுகையும் கொண்டுபோய்விடும். 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை, நாலு வாளி போதும். கிணற்று உப்புநீர் உலர்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுமாதலால் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கழுவியபின், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை நுழைத்து வண்டிமேல் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் 'க்ளே பார்' என விற்கப்படும் களிமண் கட்டியை, வழுக்கும் நீர் தெளித்து, மெதுவாக ஓட்ட வேண்டும். கட்டி கீழே விழுந்தால் எறிந்துவிட வேண்டும். தரையின் மணல் அதில் ஒட்டியிருக்கும்.

இதற்குப் பிறகும் கீறலும் மங்கலும் தெரிந்தால் மட்டும் மெருகு. எடுத்த எடுப்பில் வண்டி முழுவதும் தேய்க்க வேண்டாம். முன்மூடியில் ஒரு சதுர அடியில் மிக மென்மையான மெருகைப் பரீட்சித்துப் பார்த்து, அது போதுமானால் அதோடு நிற்க வேண்டும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் வேளையில், பட்டாணியளவு மருந்தை மூன்று நான்கு இடத்தில் வைத்து, இரண்டடிச் சதுரமாக முடித்துச் செல்வது உத்தமம். வர்ணம் மெலிந்திருக்கும் ஓரங்களில் கை நிற்கலாகாது.

மெழுகின் கதை ரஸமானது. கார்னாபா என்னும் பனை இனத்து மரம் பிரேஸிலின் வடகிழக்கில் வளர்கிறது. வறட்சியில் ஓலையின் ஈரம் போகாதிருக்க, அது தானே மெழுகைச் சுரந்து போர்த்திக்கொள்கிறது. அம்மெழுகு 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். இதைக் கனமாக அப்புவது வீண். வண்டியில் தங்குவது ஒரு மெல்லிய படலமே, மற்றதெல்லாம் துணியோடு போகும். மெல்லியதாகத் தடவி, விரலால் இழுத்தால் தெளிவாகத் துடைபடும் பக்குவத்தில் சுத்தமான மைக்ரோபைபர் துணியால் எடுக்க வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருளும் வரை மெழுகு இருக்கிறது. தட்டையாகப் பரவினால் மறுபடியும் இட வேண்டிய காலம் வந்துவிட்டது.

நிற்க. அடுக்கு வீடுகளில் விடியற்காலையில் ஒரே வாளியும் ஒரே துணியுமாகப் பத்து வண்டிகளைத் துடைத்துச் செல்லும் தொழிலாளியை நாம் அறிவோம். கீறலைக் கண்டால் அவரைக் கடிந்துகொள்கிறோம். தினமும் துடைக்க வேண்டுமென்று உத்தரவிட்டது நாம். துணி ஒன்றுக்கு மேல் கொடுக்காததும் நாம். "தினமும் வேண்டாம், அப்பா, வாரம் இரண்டு நாள் நனைத்துக் கழுவு. இந்தா, இரண்டு வாளி, நாலு துணி. சம்பளம் குறையாது" என்று சொல்லிப் பாருங்கள். வண்டியின் மேல்தோலும் பிழைக்கும். அவருடைய இடுப்பும் பிழைக்கும். மெருகு டப்பாவுக்கு வருஷம் முழுவதும் அலமாரியிலேயே ஓய்வு கிடைக்கும்.