சம்பளத்துக்கு முந்திய பத்து நாட்கள்: பணவீக்கம் குறைந்தும் நிறையாத பானை

நாடு வங்குரோத்து நிலையிலிருந்து மீண்டுவிட்டதாக அடிக்கடி கேட்கிறோம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாதென அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் உதவித் திட்டம் கிடைத்தது. 2022 செப்டம்பரில் 69.8 வீதமாக இருந்த கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் மீதான பணவீக்கம், 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. எரிபொருள் வரிசை இல்லை, எரிவாயு வரிசை இல்லை. இவையெல்லாம் உண்மை. மறுப்பதற்கில்லை.

ஆனால் நான் கற்பிக்கும் ஆலையடிவேம்புப் பிரதேசத்திலும், அதனோடு ஒட்டிய அக்கரைப்பற்றிலும், சம்பளத்துக்கு முந்திய பத்து நாட்களில் கடைகளுக்குச் சென்று பாருங்கள். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கடன் கொப்பி இன்னும் இருக்கிறது. முஸ்லிம் கடையில் "காக்கா" என்றும் தமிழ்க் கடையில் "அண்ணன்" என்றும் அழைத்து, "சம்பளம் வந்ததும் தாறன்" என்று சொல்லிச் சாமான் வாங்குகிறவர்களில் கூலித் தொழிலாளி மட்டுமல்ல, அரச உத்தியோகத்தரும் இருக்கிறார். புள்ளிவிபரத்தில் முடிந்துவிட்ட நெருக்கடி சமையலறையில் ஏன் முடியவில்லை?

முதலாவது காரணம் எளிமையானது. பணவீக்கம் குறைவதென்றால் விலை குறைவதென்று பலர் எண்ணுகிறோம். விலை ஏறும் வேகம் குறைகிறது என்பதே அதன் பொருள். 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு அந்த மாதம் ஏறத்தாழ 195 ரூபா கொடுத்தோம். அதன்பின் ஏற்றம் நின்றது. சில பொருட்களின் விலை இறங்கியதும் உண்டு. ஆனால் மொத்தச் செலவு பழைய 100 ரூபாவுக்குத் திரும்பி வரவில்லை. இதற்கிடையில் 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமானது.

வருமானம் இதே வேகத்தில் ஏறியதா? அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 2025 ஏப்ரல் வரை 24,250 ரூபாவாகவே இருந்தது. இடையில் சில கொடுப்பனவுகள் கிடைத்தன. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 2024இல் 17,800 ரூபாவானது. 2025 வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை 40,000 ரூபாவாக்கியது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் அந்த அதிகரிப்பு 2027 வரை மூன்று கட்டங்களாகவே முழுமையாகக் கைக்கு வரும். விலை ஒரே வருடத்தில் ஏறியது. சம்பளம் தவணை முறையில் ஏறுகிறது. நடுவிலுள்ள இடைவெளியை வங்கிக் கடனும், இடர்கடனும், அடகு வைத்த நகையும்தான் நிரப்பின. இன்று சம்பளப் பட்டியலில் கழிவுகளுக்குப் பிறகு மிஞ்சுவது பலருக்கு மாதத்தின் இருபதாவது நாளைத் தாண்டுவதில்லை.

அரச சம்பளக்காரரின் நிலை இதுவென்றால், கடையிலும் ஆலையிலும் வேலை செய்பவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக்கப்பட்டது. ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி வேண்டும். மாதத்துக்கு 45 கிலோ. 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு நிர்ணயித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. அந்த விலைக்கே கிடைத்தாலும் அரிசிக்கு மட்டும் 10,350 ரூபா. கறி இல்லை, தேங்காய் இல்லை, பிள்ளைக்குப் பால்மா இல்லை, மின்கட்டணம் இல்லை.

இந்தக் கணக்கை அஸ்வெசும கொடுப்பனவோடு ஒப்பிடுங்கள். 2025 ஜனவரி முதல் 'வறிய' குடும்பமென வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு மாதம் 10,000 ரூபாவும், 'மிக வறிய' குடும்பங்களுக்கு 17,500 ரூபாவும் வழங்கப்படுகிறது. முந்திய 8,500, 15,000 ரூபாக்களைவிட இது கூடுதல்தான். ஆனாலும் வறிய குடும்பத்துக்கு அரசு தரும் மொத்தத் தொகை, ஐந்து பேரின் அரிசிச் செலவுக்கே 350 ரூபா குறைகிறது. இந்தக் கொடுப்பனவும் கிடைக்காத, நிரந்தர வருமானம் உண்டென்ற காரணத்தால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு கூட்டம் இருக்கிறது. கையேந்த வெட்கப்படுகிற, வெளியில் வெள்ளை உடுப்போடு நடமாடுகிற கூட்டம் அது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் சுமார் 13 வீதமாக இருந்த வறுமை, 2022இல் 25 வீதமானது. அந்த அதிகரிப்பில் பெரும்பகுதி, முன்னர் ஏழைகளென்று எவரும் எண்ணியிராத குடும்பங்கள்தான்.

நமது பிரதேசத்தைப் பொறுத்தவரை இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அம்பாறை மாவட்டம் நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரில் விளையும் வயல்கள் நம் ஊர்களைச் சூழ்ந்திருக்கின்றன. ஆனால் பெரும்போகம் அறுவடையாகும் மாசி, பங்குனியில் உரக்கடைக் கடனையும் இயந்திரக் கூலியையும் கொடுப்பதற்காக விவசாயி ஈரநெல்லையே வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். 2025 பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தும் சபை நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அது நன்கு காய்ந்த நெல்லுக்கானது. நமது நெல் லொறியில் ஏறி வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போய், சில மாதங்களில் அரிசியாகத் திரும்பி வந்து நம் கடன் கொப்பியில் ஏறுகிறது. வயலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அரிசிக்குக் கடன் சொல்கிறோம்.

இந்தப் பத்து நாட்களில் குடும்பங்கள் என்ன செய்கின்றன? முதலில் கோழியும் பால்மாவும் போகின்றன. பிறகு மீன், கருவாடாகவோ நெத்தலியாகவோ சுருங்குகிறது. கடைசியில் சோறும் பருப்பும் முருங்கை இலைச் சுண்டலும் மிஞ்சுகின்றன. முருங்கையும் வல்லாரையும் மலிவான சூடை மீனும் சத்தில் குறைந்தவை அல்ல; நமது உம்மாமார் அவற்றைக் கொண்டே பிள்ளைகளை வளர்த்தார்கள். இரவில் ரொட்டியும் வெறும் தேநீரும் என்ற நிலை வரும்போதுதான் ஆபத்து. அதையும் முதலில் ஏற்றுக்கொள்பவள் வீட்டுப் பெண். "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுபவளின் பசி எந்தச் சுட்டெண்ணிலும் பதியப்படுவதில்லை.

வகுப்பறையில் இது தெரிகிறது. மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலைசாய்க்கும் பிள்ளையிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பதில் வராது. ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்கு வழங்கப்படும் பாடசாலை உணவுத் திட்டம் 2024 மார்ச்சில் விரிவுபடுத்தப்பட்டது. அது பெரிய உதவி. ஆனால் ஐந்தாம் தரத்தில் உணவு பெற்ற பிள்ளை ஆறாம் தரத்துக்கு வந்ததும் பசி நின்றுவிடுமா? வளரும் பருவத்தில் கூடுதலாக உணவு தேவைப்படும் ஆறு முதல் ஒன்பது வரையான தரங்களில்தான் பிள்ளைகள் இடைவிலகத் தொடங்குகிறார்கள். குறைந்தபட்சம் வறிய பிரதேசங்களிலாவது இத்திட்டம் ஒன்பதாம் தரம் வரை நீடிக்கப்பட வேண்டுமென நமது மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நமது பொறுப்பு முடிவதில்லை. கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு சூறத்துல் பகராவின் 280ஆம் வசனம் நமக்குப் போதிக்கிறது. கடன் கொப்பியில் வட்டியில்லாமல் எழுதுகிற சின்னக் கடைக்காரர் இதை நடைமுறையில் செய்துகொண்டிருக்கிறார். அவருடைய முதலும் அதில்தான் முடங்குகிறது. அவர் கையை விரிக்கும்போது பெண்கள் நுண்கடன் நிறுவனங்களிடம் போகிறார்கள். அதன் விளைவை ஏற்கனவே கண்டிருக்கிறோம். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடனை அரசாங்கமே ரத்துச் செய்ய வேண்டிய நிலை வந்தது.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் பைத்துஸ் ஸகாத் அமைப்புகளும் ஒரு விடயத்தைப் பரிசீலிக்கலாம். ரமழானில் உலருணவுப் பொதி கொடுப்பது நல்ல விடயம். ஆனால் பசி வருடத்தில் பன்னிரண்டு தடவை வருகிறது. தனவந்தர்களின் பங்களிப்போடு ஒரு நிதியத்தை உருவாக்கி, அறுவடைக் காலத்தில் நம்மூர் விவசாயியிடமே நியாய விலைக்கு நெல் வாங்கிக் களஞ்சியப்படுத்தலாம். ஒரு குடும்பத்தின் மாதத் தேவையான 45 கிலோ அரிசிக்குச் சுமார் 70 கிலோ நெல் போதும். அதை உள்ளூர் ஆலையில் குற்றி, சம்பளத்துக்கு முந்திய பத்து நாட்களில் தேவையானவர்களுக்குக் கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்து, சம்பளம் வந்ததும் அதே பெறுமதியைத் திரும்பப் பெறலாம். விவசாயிக்கு விலை கிடைக்கும். உத்தியோகத்தரின் மானம் காக்கப்படும். ஸகாத்துக்குத் தகுதியான பரம ஏழைக்கு ஸகாத் நிதியிலிருந்து இலவசமாகவே கொடுக்கலாம். அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர்களையும் இதில் இணைத்துக்கொள்வது நமது மார்க்கம் சொல்லும் அயலவர் உரிமைதான். சந்தை ஒன்று, வயல் ஒன்று, விலையும் ஒன்றுதான்.

வீட்டிலும் செய்ய வேண்டியது உண்டு. சம்பளம் கிடைத்த அன்றே மாத அரிசியையும் பருப்பையும் எண்ணெயையும் வாங்கி வைத்துவிட்டால் மீதிச் செலவைக் கட்டுப்படுத்தலாம். அன்றாடம் சின்னப் பக்கெட்டுகளாக வாங்குபவர் அதே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். ஆனால் கையில் காசில்லாதவருக்கு மொத்தமாக வாங்கச் சொல்வது புத்திமதி மட்டுமே. அந்த முதல் மாதத்துக்கான அரிசியை யாராவது கொடுத்தால்தான் அவர் இந்தச் சுழலிலிருந்து வெளியே வர முடியும். வலீமாவுக்கு ஒரே பகலில் பல இலட்சங்களைச் செலவிடும் ஊரில் அந்த ஒரு மாத அரிசியைக் கொடுப்பதற்கு வசதி இல்லையென்று சொல்ல முடியாது.

அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன்னர் ஒரு மஹல்லாவாவது இதைத் தொடங்கிப் பார்க்கட்டும்.