நீலத் தரையும் வெளிப்படியும்

யூதர்களுக்கென்று கலை கிடையாது. சித்திரம் விலக்கப்பட்ட மதம். கட்டிடத்தைக்கூட அந்தந்த ஊரில் கடன் வாங்கிக்கொண்டவர்கள். இப்படித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள் நம் விமர்சகர்கள். புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்ற அதே வாய்தான் இதையும் சொல்கிறது. வேர் இல்லாதது கலை இல்லையாம். ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீசுவரர் கோயிலைக் கடந்துதான் நான் தினமும் வங்கிக்குப் போகிறேன். இந்த ஊரில் இருப்பதால் மட்டும் அதன் ஒரு கல்லும் என் கலையாகிவிடாது.

சித்திரம் இல்லை என்பதே முதலில் பொய். சிரியாவில், துரா யூரோபஸில், 1932-இல் தோண்டியெடுத்த ஜெப ஆலயத்தின் சுவர்களில் நிறைய மனித உருவங்கள். கி.பி. 244-245 காலத்தவை. மோசேயைக்கூட வரைந்திருக்கிறார்கள்.

கடன் வாங்கியது மெய். டொலேடோவில் மூரிய வளைவு, பிராகில் கோதிக் விதானம், கொச்சியில் மலையாளத்து ஓட்டுக்கூரை. கூரை எதுவானாலும் உள்ளே தோராச் சுருள்களுக்கு ஒரு பேழை, ஜெருசலேம் திசையில். வாசிக்க ஒரு மேடை. கேரளத்து ஜெப ஆலயங்களில் மாடியிலும், பெண்கள் பகுதியை ஒட்டி, இரண்டாவது மேடை வைத்தார்கள். அது அவர்களுக்கே உரிய ஏற்பாடு. வாசிப்பு என்ற காரியத்தைச் சுற்றி வெளியை அமைத்தார்கள். உருவம் என்பது இதுதான். கூரை யாருடையது என்று கேட்பவர் உருவத்தைப் பார்க்கவில்லை, ஜாதகம் பார்க்கிறார்.

இன்னொரு கூட்டம், ரஸிகர்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போய்வந்து, 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலத் தரை ஓடுகளைப் பற்றி உருகுகிறார்கள். படியைப் பற்றி மூச்சில்லை. விடுதலையான அடிமைகளின் சந்ததி என்று ஒதுக்கப்பட்ட யூதர்கள் அந்தக் கூடத்தில் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது. அவர்களில் ஒருவரான ஏ. பி. ஸாலெம் என்ற வக்கீல் 20-ஆம் நூற்றாண்டில் சத்தியாக்கிரகம் செய்து போராட வேண்டியிருந்தது. கூரையைப் போலவே சாதியையும் இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேர், வேர் என்று கூவுகிறவர்கள் கவனிக்கட்டும்: வேர் பிடித்தால் மண்ணிலிருப்பதெல்லாம் மேலே ஏறும்.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மரவேலை உட்புறத்தை 1991-இல் வாங்கி, ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். செதுக்கிய மரம் பத்திரமாக இருக்கிறது. கூடி வாசித்த ஊர் அதோடு போகவில்லை.

நாம் மரபு என்று பத்திரப்படுத்துவதும் பெரும்பாலும் இந்த மரம்தான். யார் வாசிக்கிறார்கள், யாரைப் படியில் உட்கார்த்தினோம் என்ற இரண்டையும் கேட்காத விமர்சனம் வெறும் தரை ஓட்டு ரஸனை. நாமே எழுதி நாமே படிக்கிற இந்தச் சிறு பத்திரிகைக் கூடத்துக்கும் வெளிப்படி உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அடுத்த இதழில் யாராவது எழுதட்டும். நீலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.