எட்டு மன்னர்களும் ஒரு வழக்கும்

சென்ற பருவத்தில் நம் பேச்சு மன்றத்தில் நண்பர் ஒருவர், "சட்டம், நீதிமன்றம் என்று பேசிக்கொண்டிருந்தால் தொழில் வளராது, சீனத்தைப் பாருங்கள்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. (நானும் தட்டினேன்.) விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் ஐயம் பிறந்தது.

நண்பர் கூற்றில் பாதி உண்மை உண்டு. 1987 டிசம்பர் 1 அன்று ஷென்சென் நகர அரசு ஒரு மனையின் பயன்பாட்டு உரிமையைப் பகிரங்க ஏலத்தில் விட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதை அன்றைய சீன அரசியலமைப்பே தடுத்திருந்தது! 52.5 இலட்சம் யுவானுக்கு ஏலம் முடிந்தது. மறு ஆண்டு ஏப்ரலில்தான் அரசியலமைப்பைத் திருத்தினார்கள்.

ஆனால் அங்கே சட்டத்தை முந்தியது அரசு. தனி மனிதன் முந்தியிருந்தால்? அதற்கு விடை வென்சோ நகரில் கிடைக்கிறது. அதைச் சேர்ந்த லியூஷி என்னும் ஊரில் மின்கருவி உதிரிகள் விற்றுச் செழித்த எட்டு வணிகர்களுக்குத் திருகாணி மன்னர், கம்பிச்சுருள் மன்னர், பழம்பொருள் மன்னர் என்றெல்லாம் பட்டம் வழங்கிற்று. 1982இல் ஊக வாணிகக் குற்றம் அவர்கள்மேல் பாய்ந்தது. சிலர் சிறை சென்றனர். சிலர் ஊரைவிட்டே ஓடினர். 1984இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்றாயிற்று. இடையில் சட்டம் மாறிற்றா? இல்லை. அந்தக் குற்றம் தண்டனைச் சட்டத்திலிருந்து நீங்கியது 1997இல்தான். மாறியது மேலிடத்துக் காற்று!

காற்றை நம்பி எவன் பெரிய ஆலை கட்டுவான்? ஆகவே பலர் தங்கள் சொந்தத் தொழிலைக் கூட்டுடைமை நிறுவனம் என்று பதிவு செய்தனர். 'சிவப்புத் தொப்பி அணிதல்' என்று அதற்குப் பெயர். தொழில் வளர்ந்தபின் உடைமை யாருக்கு என்ற தகராறும் வளர்ந்தது. கடன் கொடுக்கல் வாங்கலோ உறவினர்களுக்குள், வாய்ச்சொல்லில். 2011இல் அந்தச் சங்கிலி அறுந்தபோது முதலாளிகள் இரவோடு இரவாக மறைந்தனர். உறவின் நாணயம் ஊரளவுக்குப் போதும். உலகச் சந்தைக்குப் போதாது என்பது என் கருத்து.

அதே வென்சோவின் காங்நான் மாவட்டத்தில், தன் கட்டடத்தை இடித்த மாவட்ட அரசின்மீது ஓர் உழவர் வழக்குத் தொடுத்தார். 1988இல் விசாரணை நடந்தது. தோற்றார். எனினும் அரசின்மீது குடிமகன் வழக்காட வழிசெய்யும் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடப்புக்கு வந்தது. வழி திறந்தது, ஆனால் நீதிமன்றத்துக்குப் பணம் கொடுத்ததும் அதே உள்ளூர் அரசுதான். படியளப்பவனுக்கு எதிராக நீதிபதி எப்படித் தீர்ப்பெழுதுவார்? அந்தப் பிடியை மாகாண அளவுக்கு உயர்த்தும் சீர்திருத்தம் 2014இல்தான் தொடங்கிற்று.

தனியார் தொழிலுக்கென்றே ஒரு சட்டம் 2025 மே 20 முதல் அங்கே நடப்புக்கு வந்திருக்கிறது. சட்டம் வேண்டாத நாட்டுக்கு அது எதற்கு என்று நண்பரைக் கேட்க வேண்டும். அடுத்த பேச்சு மன்றத்துக்கு, அவருக்கு எதிரணியில் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.