நிமிர்ந்து நிற்கும் வண்டி, மறைந்து நிற்கும் பாரம்



ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூரை நெருங்கும்போது, நம் சபையின் மூத்தவர்கள் இன்றும் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டி "ஸ்டாண்டர்டு கம்பெனி" என்பார்கள். 1960களில் புகழ்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கேதான் உருவாயிற்று. பிற்காலத்தில் ஸ்டாண்டர்டு ட்வென்டி என்னும் வேனும் பிக்கப்பும் அங்கிருந்து வெளிவந்தன. 1980களின் இறுதியில் அத்தொழிற்சாலையின் உற்பத்தி நின்றுபோயிற்று. இன்று அங்கே தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன.

அந்தத் தொழிற்சாலையில் உழைத்த ஒருவரின் பேரன் நம் சபையில் இருக்கிறான். தாத்தா விட்டுச்சென்ற ட்வென்டி பிக்கப்பை அவன் பாடுபட்டுச் சீர்செய்து ஓட்டிவருகிறான். சென்ற வாரம் அவன் என்னிடம் வந்து, "ஐயா, பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் பொருத்தலாம் என்றிருக்கிறேன். இனி எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழாது" என்றான். அந்தக் கடைசி வார்த்தை என் மனதைத் தைத்தது. இதைக் குறித்து என் கருத்தை உங்கள் எல்லாருக்குமே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வண்டியின் பின்புறத்தைத் தாங்குவது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். பாரம் கூடக்கூடப் பட்டைகள் வளைந்து, வண்டி பின்னால் தாழ்கிறது. ஏர் சஸ்பென்ஷனில், சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே ரப்பரால் ஆன காற்றுப்பைகள் அமைகின்றன. கம்ப்ரசரால் காற்றை ஏற்றினால் தாழ்ந்த வண்டி நிமிர்கிறது. இதில் நன்மை உண்டு. பின்பக்கம் தாழ்ந்த வண்டியின் முகப்பு விளக்கு மேல்நோக்கி எழுந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். மட்டமாக நிற்கும் வண்டியில் அந்த ஆபத்து குறைவு.

ஆனால் காற்று, வண்டியை உயர்த்துமேயன்றி அதன் வலிமையை உயர்த்தாது. அச்சு பழைய அச்சுதான். பிரேக்கும் டயரும் பழையவைதான். பட்டைகள் தம் இரு முனைகளின் வழியாகப் பாரத்தைச் சேசிஸில் பகிர்ந்தளிக்கின்றன. காற்றுப்பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் அழுத்துகிறது. பல ஆண்டுகள் ஓடித் துருவேறிய சேசிஸ் அங்கே விரிசல் விடக்கூடும். பட்டைகளை முற்றிலும் கழற்றிவிடுவது இன்னும் பெரிய காரியம். அச்சு முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராதபடி பிடித்து வைத்திருப்பதும் அந்தப் பட்டைகளே. அவற்றை எடுத்தால் அந்த வேலைக்கென்று தனிக் கம்பிகளும் தாங்கிகளும் அமைத்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில பிக்கப் வண்டிகளில் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. காற்றை ஏற்றி அப்படிப்பட்ட வண்டியை நிமிர்த்தினால், பாரமே இல்லை என்று வால்வு நம்பிவிடும். பிரேக் தேவைப்படும் வேளையில் அழுத்தத்தைக் குறைத்துவிடும். வெளித்தோற்றத்தை மட்டும் நேராக்கினால், உதவி செய்ய வேண்டிய உறுப்பே ஏமாந்துபோகிறது.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகையால் வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அனுமதி கிடைத்தால், முதலில் களைத்த பட்டைகளைச் சீர்செய்து, பழையபடி இருக்கட்டும் என்றேன். காற்றுப்பை அவற்றுக்குத் துணையாக மட்டும் வரட்டும். இடப்பக்கப் பைக்கும் வலப்பக்கப் பைக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று மறுபக்கம் ஓடி வண்டி மேலும் சாயும். பைகள் சைலன்சர் குழாயின் சூட்டுக்கு எட்டாதபடி அமைய வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனானேன். அந்தப் பட்டைகளைக் களைக்கச் செய்தது யார்? நாம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அரிசி மூட்டைகளை அவ்வண்டியில் அடுக்கினோம். அது அவசரம். ஆனால் சென்ற கிறிஸ்துமஸுக்கு நாற்காலிகள், ஒலிபெருக்கிகள், சமையல் பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றினோமே, அது சோம்பல். வேகத்தடையில் அச்சு மோதிய ஓசை எனக்கும் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.

தாழ்வது வண்டியின் பேச்சு. "போதும்" என்று அது சொல்லும் ஒரே வழி அதுதான். அந்தப் பேச்சையும் காற்றால் அடைத்துவிட்டால், நாம் எந்த அளவில் நிறுத்துவோம்? நம் நடுவிலும் முகம் வாடாமல் எல்லாப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு, இன்னும் தாங்குவார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

நான் ஏர் சஸ்பென்ஷனுக்கு விரோதி அல்ல. 2024 முதல் சென்னையில் ஓடும் புதிய தாழ்தளப் பேருந்துகளைப் பாருங்கள். நிறுத்தத்தில் காற்றை வெளியேற்றி, படிப்பக்கமாகச் சற்றே சாய்ந்து தாழ்கின்றன. முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் எளிதாய் ஏறுகிறார்கள். அங்கே காற்று, ஏற இயலாதவருக்காக வண்டியைத் தாழ்த்துகிறது. காற்றுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, இனி அந்தப் பிக்கப்பில் பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் சபையின் பொருள் ஒன்றும் ஏறாது. காற்றுப்பை வந்தாலும் ஏறாது. தேவையானால் இரண்டு நடை போவோம், அல்லது வாடகை வண்டி பிடிப்போம். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் நாற்காலிகளை எடுத்துவைக்க எத்தனை பேர் நிற்கப்போகிறீர்கள் என்று பார்க்க ஆவலாயிருக்கிறேன்.

கர்த்தர் இந்த வாரம் முழுவதும் உங்களைக் காத்துக்கொள்வாராக.

அன்புடன்,
உங்கள் போதகர்