ஓதமும் உப்பும்: மதுரை மண்ணுக்கு ஏற்ற கட்டுமானப் பொருள்கள்

மதுரைச் சமவெளியில் வீட்டுச் சுவருக்கு ஈரம் இரண்டு வழியில் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேலிருந்து நனைக்கிறது. நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே கீழிருந்து ஏறுகிறது. பிறகு வரும் கோடை அந்தச் சுவரை வேகமாகக் காய வைக்கிறது. நீர் ஆவியாகும்போது அதோடு ஏறிய உப்பு படிகமாகத் தங்கி, பூச்சைப் பொரித்துத் தள்ளுகிறது. ஆகவே இங்கே ஒரு பொருள் நீரைத் தடுக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. உள்ளே புகுந்த நீரை வெளியே விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456இன் விதி. சிமென்ட் எந்த நிறுவனத்தது என்று நாலு பேரிடம் விசாரிப்பவர்கள்கூட நீரைச் சோதனைக்கு அனுப்புவதில்லை. குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. சன்ஷேடுகளின் அடியில் கம்பி தெரிவது பெரும்பாலும் இதனாலும், கம்பிக்கு வெளியே விடும் கவர் குறைவதாலும்தான். மழையில் நனையும் உறுப்புகளுக்கு 30 மில்லிமீட்டர், தூண்களுக்கு 40 மில்லிமீட்டர் கவர் வேண்டும். கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகினால் அந்த அளவு நிற்காது. கவர் பிளாக்தான் வைக்க வேண்டும்.

சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் உப்பை நன்றாகத் தாங்கும், நீராற்றினால் மட்டும். அதற்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும்; 14 நாள் நனைப்பது நல்லது. மூன்றாம் நாளே தண்ணீர் காட்டுவதை நிறுத்தும் வேலையில் எந்தச் சிமென்ட்டும் தன் ஆயுளைத் தராது.

செங்கல்லைப் பொறுத்தவரை, 24 மணி நேரம் ஊறியபின் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் குடிக்கும் கல்லை ஒதுக்கிவிடலாம். நல்ல கல்லானாலும் அஸ்திவாரத்துக்கு மேலே ஓதத்தடுப்பு அடுக்கு இல்லையென்றால் உப்பு ஏறவே செய்யும். அப்படி ஏறிய சுவரில் பட்டி பார்த்து, நீர்புகா பெயிண்ட் அடிப்பது பரவலான தவறு. ஈரம் உள்ளேயே சிக்கி, சில மழைக்காலங்களில் பூச்சையும் சேர்த்து உரித்துவிடும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும் தன்மையுடையது. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. பழைய சுண்ணாம்புச் சுவரைப் பழுதுபார்க்கும்போது அதன்மேல் சிமென்ட் பூசக்கூடாது என்பதைக் கொத்தனார்களுக்கு வலியுறுத்திச் சொல்லியாக வேண்டும்.

மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதிக்கும் முறை மழைக்கும் வெயிலுக்கும் ஒருசேர ஈடுகொடுக்கிறது. ஆனால் வாட்டம் சரியாக இல்லாமல் நீர் தேங்கினால் அதுவும் கசியும்.

கரிசல் மண்ணில் இத்தனையும் அஸ்திவாரத்தைப் பொறுத்தது. மழைக்கு உப்பிக் கோடையில் பிளக்கும் அந்த மண்ணில், அசையாத ஆழம்வரை போகாத அஸ்திவாரத்தால் சுவர் விரிசல் விடும். விரிசல் வழியே நீர் புகும்.

மரத்துக்கு ஈரத்தைவிடக் கரையான் பெரிய பகை. வைரம் பாய்ந்த தேக்கும் வேம்பும் வாசல் நிலைக்குத் தாங்கும். குளியலறைக் கதவுக்கு பி.வி.சி. போதும்.