நாலணாவில் நின்ற காண்டாமிருகம்

காணிக்கைத் தட்டில் நாலணா விழுந்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 1988 முதல் அச்சடிக்கப்பட்ட எவர்சில்வர் நாலணாவின் ஒரு பக்கத்தில் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் நின்றது. 2011 ஜூன் 30 முதல் அந்த நாணயம் செல்லாக்காசாயிற்று. விலங்கோ பிழைத்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாமின் காசிரங்காவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அவை எஞ்சியிருந்தன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன.

நாணயத்தில் பொறித்ததால் அவை பிழைக்கவில்லை. 1908-இல் காசிரங்கா காப்புக்காடானது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெள்ளத்திலும் இரவிலும் வனக்காவலர்கள் காவல் நின்றார்கள். எதிரே நின்றது பேராசை. நம் நகத்தில் உள்ள கெராட்டின்தான் அந்தக் கொம்பிலும் உள்ளது. ஆயினும் அதை மருந்தென நம்பிக் கள்ளச்சந்தையில் பெருந்தொகை கொடுக்கிறார்கள். 2021 செப்டம்பர் 22 அன்று அசாம் அரசு தன்னிடமிருந்த 2,479 கொம்புகளைத் தீயிட்டு எரித்தது. கொம்பு விற்பனைக்கு அல்ல என்று உலகுக்கே சொன்ன செயல் அது. விலங்கை நாணயத்தில் பொறிப்பது மரியாதை. விலங்கையே பணமாக்குவது கொலை.

1973-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் பொன்விழாவுக்காக, 2023 ஏப்ரல் 9 அன்று மைசூருவில் 50 ரூபாய் நினைவு நாணயம் வெளியிடப்பட்டது. நாட்டில் குறைந்தது 3,167 புலிகள் இருப்பதாக அன்று அறிவித்தார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் புலிக்காக ஊரைவிட்டு இடம்பெயர்ந்த பழங்குடியினரும், காட்டோரத்தில் ஆட்டையும் மாட்டையும் சில வேளை உயிரையுமே இழந்த ஏழைகளும் இந்த வெற்றிக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் முகம் எந்த நாணயத்திலும் இல்லை. அவர்களுக்கு உரிய இழப்பீடும் நில உரிமையும் தராத பாதுகாப்பு, பாதி நீதியே.

நாணயத்தைக் காட்டச் சொல்லி, இதிலுள்ள உருவம் யாருடையது என்று இயேசு கேட்டார். புலியின் உருவத்தை நாணயத்தில் பொறிக்க அரசால் முடியும். புலியைப் படைக்க எந்த அரசாலும் முடியாது. அழிந்துபோனால், நாணயத்தில் உள்ள புலியைத்தான் நம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

நாம் செய்யக்கூடியது என்ன? பிள்ளையின் கழுத்தில் போட புலிநகச் சங்கிலி வேண்டுமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம். அந்த விற்பனை சட்டப்படி குற்றம். வாங்க ஆள் இல்லையென்றால், கொல்லவும் ஆள் இருக்காது. சிந்திப்போம்.