மோல் கணக்கு பரீட்சைக்கு மட்டும்தானா?

"மோல் கணக்கெல்லாம் நுழைவுத் தேர்வோடு சரி. வயலுக்கும் வீட்டுக்கும் கிலோ போதும்." இன்டர் படிக்கும் பிள்ளைகள் பலரின் பேச்சு இது. சாந்திபுரம், குப்பம் பக்கத்துப் பிள்ளைகளாவது அப்படிச் சொல்லக்கூடாது. காரணம் அவர்கள் ஊரிலேயே இருக்கிறது.

அங்கே பட்டுப்புழு வளர்ப்பு ஒரு பிழைப்பு. புழு தோலுரிக்கும் நாட்களில் படுக்கை ஈரம் பிடிக்காதிருக்க நீற்றிய சுண்ணாம்புப் பொடியைத் தூவுவார்கள். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அதன் ஒரு மோலுக்குத் தண்ணீர் ஒரு மோல். "ஒன்றுக்கு ஒன்று" என்பதைக் கிலோவாகப் படித்து 10 கிலோவுக்கு 10 லிட்டர் ஊற்றினால் உதிரிப் பொடி கிடைக்காது, ஈரம் மிஞ்சும். சுட்ட சுண்ணாம்பின் மோல் எடை 56 கிராம், தண்ணீருக்கு 18. 10 கிலோ என்பது சுமார் 179 மோல், அதற்குத் தேவை 3.2 லிட்டர்தான். சூட்டில் ஆவியாகும் பங்குக்குக் கொஞ்சம் கூட்டி ஊற்ற வேண்டும், அவ்வளவே. பயந்து 2 லிட்டரோடு நிறுத்தினாலோ, ஆவியைக் கணக்கில் சேர்க்காமலே 3.8 கிலோ நீறாமல் நிற்கும். ஈரக் கையைச் சுடும் சரக்கு அது.

"அப்படியானால் 56-க்கு 18 என்று மனப்பாடம் செய்துகொள்கிறேன், மோல் எதற்கு?" இந்த ஒரு வினைக்கு அது நியாயம்தான். அடுத்த வினைக்கு வேறு விகிதம், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. எத்தனையை மனதில் வைப்பது?

அவகாட்ரோ எண் மிரட்டுகிறது என்பது இன்னொரு புகார். 2019-ல் அந்த எண்ணை வைத்தே மோலுக்குப் புது வரையறை வந்தது உண்மை. ஆனால் கிராமை மோலாக்கும் கணக்கில் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எடையை மோல் எடையால் வகுக்கிறோம், வேறொன்றுமில்லை.

"வகுக்கத் தெரிந்தால் போதுமே" என்பவர்களுக்குச் சித்தூர்ச் சீமையின் வேர்க்கடலைக் காடு பதில் சொல்லும். காய் பிடிக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று எக்டேருக்கு 500 கிலோ ஜிப்சம் போடுகிறார்கள். கால்சியம் சல்ஃபேட் என்றதும் 136-ஆல் வகுத்து, கால்சியத்தின் மோல் எடையால் பெருக்கினால் 147 கிலோ கால்சியம் என்று வரும். ஆனால் ஜிப்சத்தில் ஒவ்வொரு கால்சியம் சல்ஃபேட் அலகோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. மோல் எடை 172. உண்மையில் கிடைப்பது 116 கிலோ. கடைச் சரக்கு முழுத் தூய்மையானதும் அல்ல. மூட்டையில் அச்சிட்ட தூய்மைச் சதவீதத்தால் பெருக்கினால் அந்த 116-ம் இன்னும் குறையும்.